கிளிக் செய்தால் கணக்கு பிரிய வேண்டும்: சேகோ ஆலைக்கு எந்த டேஷ்போர்டு?

ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கில் இருந்து சேகோ, அதாவது ஜவ்வரிசி, செய்கிற ஒரு ஆலைக்குப் போன சீசனில் டேஷ்போர்டு செய்து கொடுத்தேன். அலுவலக அறையில் டி.வி. மாட்டி, அன்றைக்கு எத்தனை லோடு கிழங்கு இறங்கியது, அதன் மாவுச்சத்தைச் சொல்கிற பாயிண்ட் சராசரியாக என்ன, என்ன விலை போட்டது என்று எல்லாம் ஒரே திரையில் தெரிகிற மாதிரி. முதல் வாரம் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பாயிண்ட் கோடு கீழே இறங்கியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எந்த ஊர்க் கிழங்குல தம்பி விழுந்திருக்கு?" என்று கேட்டார். திரையில் அதற்குப் பதில் இல்லை. "கொஞ்சம் இருங்கண்ணா" என்று லேப்டாப்பைத் திறந்து, எக்செலில் ஊருக்கு ஃபில்டர் போட்டு, பத்து நிமிடம் கழித்துச் சொன்னேன். அப்புறம் "எந்த ரகம்?" என்றார். மறுபடி பத்து நிமிடம். மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. எடை மேடைப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

கேட்கப்படாமல் போன அந்த மூன்றாவது கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆலையை நடத்துகிறவருக்கு ஒரு பதிலில் இருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். நடுவில் பத்து நிமிடம் இடைவெளி விழுந்தால் அந்தக் கேள்வி பிறக்காமலே போகும். திரையில் கெங்கவல்லி என்ற ஊரின் பட்டையைத் தொட்டால் ரகம், புரோக்கர், விலை எல்லாப் படமும் கெங்கவல்லிக்கு மட்டும் என்று சுருங்க வேண்டும். மறுபடி தொட்டால் பழையபடி விரிய வேண்டும். இந்த வசதி இன்று ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் உண்டு. ஆனால் கிளிக் செய்தபின் நடப்பது ஒவ்வொன்றிலும் வேறு. எக்செல், லுக்கர் ஸ்டூடியோ, பவர் பிஐ, மெட்டாபேஸ் என்று நான்கிலும் அதே கிழங்குக் கணக்கை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன் 1996-ல் இதற்கு ஒரு வரிசை சொன்னார்: முதலில் முழுப் பார்வை, பிறகு நெருங்கிப் பார்ப்பதும் வடிகட்டுவதும், கடைசியில் வேண்டியவருக்கு வேண்டியபோது விவரம். நான் செய்து கொடுத்தது முதல் படியோடு நின்றுவிட்டது.

கருவிக்கு முன்னால் கணக்கு

சேலம் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆலைக்கு வரும் மரவள்ளிக் கிழங்கை எடை போடுவதோடு, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். அதுதான் பாயிண்ட். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசித்தான் விலை. ஆகவே ஒரு லோடுக்கு ஒரு வரி என்று எழுதினால் தேதி, ஊர், ரகம், புரோக்கர் வழியா நேரடியா என்பது, எடை, பாயிண்ட், விலை ஆகிய ஏழும் இருக்க வேண்டும். நான் எட்டாவதாகக் கிழங்கு பிடுங்கிய நாளையும் சேர்க்கச் சொன்னேன். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். மழையில் லாரி நின்றுபோன நாளும் பாயிண்ட் விழுந்த நாளும் ஒன்றா என்று பார்க்க அந்த ஒரு கட்டம் போதும்.

இந்தக் கணக்கில் கிளிக் வைப்பதற்கு முன் இரண்டு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எந்தக் கருவியை எடுத்தாலும் இவை இரண்டும் உங்களுக்கும் வரும்.

முதலாவது, ஊர்ப் பெயர். கெங்கவல்லி, கங்கவல்லி, கெங்கவள்ளி, வெறுமனே 'கெங்க' என்று எடை மேடையில் உட்கார்ந்தவர் கை போனபடி எழுதியிருந்தது. அச்சடித்த ரிப்போர்ட்டில் கண் அதைத் தானாகச் சேர்த்துப் படித்துக்கொள்ளும். கிளிக்குக்கு அந்தத் தயவு கிடையாது. கெங்கவல்லிப் பட்டையைத் தொட்டால் கங்கவல்லி லோடுகள் ஓசையில்லாமல் மறைந்துவிடும், திரையில் வருகிற எண் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஊர்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று போட்டு, எடை மேடையில் தட்டச்சு செய்வதை நிறுத்தி, பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி மாற்றினோம். நான்கு கருவியையும் கற்றுக்கொண்டதைவிட இந்தப் பட்டியலுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. கருமந்துறை ஒரு ஊரா, கல்வராயன் மலை முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிற பெயரா என்றே அரை நாள் பேசினோம்.

இரண்டாவது, சராசரி. பத்து டன் லோடு ஒன்று 28 பாயிண்ட், இரண்டு டன் லோடு ஒன்று 22 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 25. ஆனால் ஆலைக்குள் இறங்கிய கிழங்கின் உண்மையான பாயிண்ட் 27. எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். மொத்தத்தைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். கிளிக் செய்து ஒரு ஊருக்கு, ஒரு ரகத்துக்கு என்று சுருக்கச் சுருக்க லோடு எண்ணிக்கை குறையும், வித்தியாசம் பெருகும். ஒவ்வொரு கிளிக்கிலும் கருவி இந்த வகுத்தலைப் புதிதாகச் செய்ய வேண்டும். முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சராசரியைக் கொண்டுவந்து கொடுத்தால், அதைச் சரியாகப் பிரிக்க எந்தக் கருவியாலும் முடியாது. நான்கிலும் இதற்கு வழி உண்டு. எக்செலில் கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையில்கூட எடையையும் பாயிண்டையும் பெருக்கி ஒரு பத்தி வைத்துவிட்டு, கால்குலேட்டட் ஃபீல்டில் ஒன்றை மற்றதால் வகுத்தால் போதும். அது இரண்டையும் கூட்டிவிட்டுத்தான் வகுக்கும்.

வெளிச்சமா, வடிகட்டலா

ஒரு பட்டையைத் தொட்டதும் பக்கத்துப் படத்தில் இரண்டு விதமாக மாற்றம் வரலாம். ஒன்று, தொட்ட பகுதிக்குச் சேராததெல்லாம் மறைந்துபோய், சேர்ந்தது மட்டும் நிற்பது. இது வடிகட்டல். இன்னொன்று, முழுப் பட்டையும் மங்கலாக நிற்க, அதற்குள் தொட்ட பகுதியின் பங்கு மட்டும் அழுத்தமான நிறத்தில் தெரிவது. இதை வெளிச்சம் போடுவது என்று வைத்துக்கொள்வோம். பவர் பிஐ-யில் பட்டைப் படங்களுக்கு இயல்பாக வருவது இந்த இரண்டாவது வகை.

எடைக்கு வெளிச்சம் மிக நன்றாக இருக்கிறது. தலைவாசலைத் தொட்டால், முள்ளுவாடி என்ற ரகத்தின் பட்டையில் தலைவாசலின் பங்கு எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரியும். மொத்தமும் கண்ணை விட்டுப் போகாது. வடிகட்டினால் தலைவாசலுக்கு மட்டும் பட்டைகள் வரும், அளவுகோலும் மாறிவிடும், மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்பது தெரியாது.

பாயிண்டுக்கு இதே வெளிச்சம் குழப்பம். சராசரியில் பங்கு என்று ஒன்று கிடையாது. முள்ளுவாடிக்கு ஆலை முழுவதும் 26 பாயிண்ட், தலைவாசல் முள்ளுவாடிக்கு 28 பாயிண்ட் என்றால், அழுத்தமான பட்டை மங்கலான பட்டையைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும். பகுதி முழுதைவிடப் பெரிதாக எப்படி இருக்கும் என்று பார்க்கிறவர் முழிப்பார். இதற்கு மருந்து எளிது. பவர் பிஐ-யில் எடிட் இன்டராக்‌ஷன்ஸ் என்று ஒரு வசதி உண்டு. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால், மற்ற ஒவ்வொரு படத்தின் மேலும் சிறு குறிகள் வரும்: வடிகட்டு, வெளிச்சம் போடு, ஒன்றும் செய்யாதே. எடைப் படங்களுக்கு வெளிச்சத்தை விட்டுவிட்டு, பாயிண்ட் படங்களுக்கு வடிகட்டலை வைத்தால் சரி. படத்துக்குப் படம் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடிவது நான் பார்த்த நான்கில் பவர் பிஐ-யில் மட்டும்தான். டேப்லோ என்ற இன்னொரு கருவியிலும் ஆக்‌ஷன் என்ற பெயரில் இதே நுணுக்கம் உண்டு. கிளிக்கை எடுத்துவிட்டால் மற்ற படங்கள் முழுதாகத் திரும்ப வேண்டுமா, கடைசியாக வடிகட்டியதிலேயே நிற்க வேண்டுமா, வெறுமையாக வேண்டுமா என்றுகூட அதில் சொல்லலாம். ஆனால் ஆறு பேர் பார்க்கிற ஒரு ஆலைக்கு அதன் சந்தாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் இலவசப் பதிப்பான டேப்லோ பப்ளிக்கில் போடுவது பொதுவெளியில் போடுவதுதான், கொள்முதல் விலையை அங்கே வைக்க முடியாது.

போகக் கூடாத இடத்துக்குப் போகும் கிளிக்

என் மனசை மாற்றிய விஷயம் இதுதான். முதலாளிக்கு ஒரு ஆசை இருந்தது. ஊரைத் தொட்டால் அந்த ஊர்க் கிழங்கில் இருந்து எத்தனை மூட்டை ஜவ்வரிசி வந்தது என்று தெரிய வேண்டும். கேட்பதற்கு நியாயமான ஆசை. படம் வரைவதும் எளிது. ஆனால் அந்தக் கணக்கு பொய்.

காரணம் ஆலைக்குள் இருக்கிறது. லாரியில் இருந்து இறங்கிய கிழங்கு தோலுரித்து, அரைத்து, சல்லடையில் திப்பி என்ற சக்கை பிரிந்து, மாவு கலந்த பால் தொட்டிக்குப் போகிறது. தொட்டியில் கெங்கவல்லிப் பாலும் வீரகனூர்ப் பாலும் தம்மம்பட்டிப் பாலும் ஒன்றாகத்தான் படிகின்றன. அடியில் படிந்த மாவுக்கு ஊர் கிடையாது. ஆகவே உற்பத்திக் கணக்கைத் தேதியால் பிரிக்கலாம், ஊரால் பிரிக்கவே முடியாது. அன்றைய எடை விகிதப்படி பங்கு போட்டு ஒரு எண்ணை வரவழைக்கலாம்தான். அப்படிச் செய்தால் நல்ல பாயிண்ட் கொண்டுவந்த ஊரின் பெருமை மோசமான பாயிண்ட் கொண்டுவந்த ஊருக்கும் சமமாகப் போய்ச் சேரும். அதைப் பார்த்து அடுத்த சீசனில் எங்கே கிழங்கு வாங்குவது என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்?

அதனால் எங்களுக்கு வேண்டியது இது: தேதியைத் தேர்ந்தெடுத்தால் கொள்முதல், உற்பத்தி இரண்டும் சுருங்க வேண்டும். ஊரையோ ரகத்தையோ தொட்டால் கொள்முதல் மட்டும் சுருங்கி, உற்பத்தி அசையாமல் நிற்க வேண்டும். கருவிகளை இந்த ஒரே உரைகல்லில் உரசிப் பார்த்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

எக்செலில் ஸ்லைசர் என்ற பொத்தான் வரிசை 2010 பதிப்பில் பிவட் டேபிளுக்கு வந்தது. சார்ட்டில் உள்ள பட்டையையே தொட்டு வடிகட்ட எக்செலில் வழி இல்லை. பக்கத்தில் ஊர்ப் பெயர்கள் பொத்தானாக நிற்கும், அதைத் தொட வேண்டும். ஒரு ஸ்லைசரை எந்தெந்தப் பிவட்டோடு இணைப்பது என்று ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸில் டிக் போடலாம். ஊர் ஸ்லைசரைக் கொள்முதல் பிவட்டுகளோடு மட்டும் இணைத்துவிட்டால் முடிந்தது. ஆனால் தேதி ஸ்லைசர் இரண்டுக்கும் போக வேண்டும் என்றால் சிக்கல். சாதாரணமாக ஒரே மூலத்தில் இருந்து பிறந்த பிவட்டுகளைத்தான் ஒரு ஸ்லைசர் ஆளும். கொள்முதலும் உற்பத்தியும் வேறு வேறு ஷீட். டேட்டா மாடலில் ஏற்றி, நடுவில் ஒரு தேதிப் பட்டியலை வைத்து இணைத்தால் நடக்கும். அந்த அளவுக்குப் போகிறவர் பவர் பிஐ-க்கே போய்விடலாம், இரண்டிலும் அடியில் இருக்கிற முறை ஒன்றுதான்.

லுக்கர் ஸ்டூடியோ 2022 அக்டோபர் வரை டேட்டா ஸ்டூடியோ என்ற பெயரில் இருந்தது. கூகுள் ஷீட் இருந்தால் காசு செலவில்லாமல் அன்றைக்கே ஆரம்பிக்கலாம். சார்ட்டின் அமைப்பில் கிராஸ் ஃபில்டரிங் என்பதை ஆன் செய்தால் பட்டையே பொத்தான் ஆகிவிடும். கோட்டுப் படத்தில் விரலால் ஒரு பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அந்த நாட்களுக்கு மட்டும் மற்றவை சுருங்கும். ஒரே டேட்டா சோர்ஸில் இருந்து வந்த படங்களுக்குத்தான் கிளிக் இயல்பாகப் போய்ச் சேரும். எங்கள் விஷயத்தில் இதுவே வசதியாகப் போனது. கொள்முதல் ஒரு ஷீட், உற்பத்தி இன்னொரு ஷீட் என்பதால் ஊரைத் தொட்டால் உற்பத்தி அசையாது. தேதிக்குக் கிளிக் வைக்காமல் மேலே தேதிக் கட்டுப்பாடு ஒன்றை வைத்தால், அது பக்கத்தில் உள்ள எல்லாப் படத்துக்கும் போகும். அவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியது என்று சந்தோஷப்பட்டேன். குறை வேறு இடத்தில் இருந்தது. ஷீட்டில் புது லோடு எழுதினால் இயல்பாகப் பதினைந்து நிமிடம் வரை பழைய எண்ணே நிற்கலாம். ஒவ்வொரு கிளிக்குக்கும் வட்டம் சுற்றி முடியக் காத்திருக்க வேண்டும். ஒரு வினாடிக்குள் பதில் வந்தால் மனிதரின் யோசனை அறுபடாது, பத்து வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்று கணினிப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேகப் நீல்சன் 1993-லேயே எழுதியிருக்கிறார். மூன்று சீசன் லோடுகளைச் சேர்த்தபோது அந்த ஒரு வினாடி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பவர் பிஐ-யில் தேதிப் பட்டியல் ஒன்று, ஊர்ப் பட்டியல் ஒன்று. தேதிப் பட்டியலில் இருந்து கொள்முதலுக்கும் உற்பத்திக்கும் கோடு இழுக்கிறோம். ஊர்ப் பட்டியலில் இருந்து கொள்முதலுக்கு மட்டும். கிளிக் அந்தக் கோடுகளின் வழியாகத்தான் பாயும். உற்பத்திக்குக் கோடு இல்லாததால் ஊர் அங்கே போய்ச் சேராது. ஆலைக்குள் தொட்டி எப்படி வேலை செய்கிறதோ, அதை அப்படியே மாடலில் வரைந்துவிட்டோம். இந்த விஷயத்தில் பவர் பிஐ எனக்கு மிகவும் பிடித்தது. எண்களைத் தனக்குள் ஏற்றிக்கொண்டு வேலை செய்தால் கிளிக்குக்குப் பதில் கண் இமைப்பதற்குள் வரும். நேரடியாக டேட்டாபேஸைக் கேட்கிற முறையில் வைத்தால் அப்படி இல்லை. பக்கத்தில் பன்னிரண்டு படம் இருந்தால் ஒரு கிளிக்குக்குக் குறைந்தது பன்னிரண்டு கேள்வி டேட்டாபேஸுக்குப் போகும். ஆலையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் திணறிவிடும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். மற்றவர்களுக்குப் பகிர வேண்டும் என்றால் செய்கிறவருக்கும் பார்க்கிறவருக்கும் ப்ரோ உரிமம் வேண்டும், 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு மாதம் 14 டாலர். ஆறு பேருக்கு 84. இதைத் தவிர்க்கச் சிலர் பப்ளிஷ் டு வெப் என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த இணைப்பு கிடைத்த யாரும் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே பார்க்கலாம். எந்த ஊருக்கு, எந்தப் புரோக்கருக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது பக்கத்து ஆலைக்குத் தெரிந்தால் அடுத்த நாளே கிழங்கு வேறு வாசலில் இறங்கும்.

மெட்டாபேஸ் திறந்த மூல மென்பொருள், நம் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளலாம். படங்கள் கொஞ்சம் சாதாரணமாகத்தான் இருக்கும். அதில் கிளிக் வேலை செய்கிற விதம் மற்றவற்றில் இருந்து வேறு. முதலில் பக்கத்தின் தலையில் 'ஊர்' என்று ஒரு ஃபில்டரை வைக்கிறோம். அந்த ஃபில்டரை எந்தெந்தப் படத்தோடு இணைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். பிறகு ஊர்ப் படத்துக்குப் போய், இதைத் தொட்டால் மேலே உள்ள 'ஊர்' ஃபில்டரை மாற்று என்று அமைக்கிறோம். கிளிக் நேராகப் படங்களுக்குப் போவதில்லை, தலையில் உள்ள ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. தேதி ஃபில்டரை எல்லாவற்றோடும் இணைத்தேன், ஊரையும் ரகத்தையும் கொள்முதலோடு மட்டும். உரைகல்லில் நேராகத் தேறியது. தொடப்படுகிற படத்தை மட்டும் அதே ஃபில்டரோடு இணைக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டவுடன் அதுவும் ஒற்றைப் பட்டையாகச் சுருங்கி, அடுத்த ஊரைத் தொட இடமிருக்காது. குறை என்றால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரண்டு மூன்று ஊரைச் சேர்த்துத் தொடுகிற வசதி பவர் பிஐ-யில் இருப்பதுபோல் இங்கே இல்லை. மேலே உள்ள ஃபில்டரைத் திறந்து டிக் போட வேண்டும்.

ஃபில்டர் போட்டது தெரிய வேண்டும்

மெட்டாபேஸின் அந்தச் சுற்றுவழி முதலில் எனக்குத் தொந்தரவாகத்தான் பட்டது. என் எண்ணம் மாறியது ஒரு காலை நேரத்தில்.

அப்போது டி.வி.யில் ஓடியது வேறு ஒரு கருவி. முந்தைய நாள் சாயங்காலம் யாரோ பச்சமலை என்ற பட்டையைத் தொட்டுவிட்டு, எடுக்காமல் போயிருக்கிறார்கள். காலையில் மேனேஜர் வந்து பெரிய எழுத்தில் இருந்த சராசரி பாயிண்டைப் பார்த்தார். ஆலையின் பாயிண்ட் அது என்று நினைத்து, ஒரு புரோக்கரிடம் போனில் விலை பேசிவிட்டார். திரையில் பொய் எதுவும் இல்லை. பச்சமலைப் பட்டை மட்டும் அழுத்தமாக, மற்றவை மங்கலாக, எல்லாம் முறைப்படிதான் இருந்தது. ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அந்த நிற வித்தியாசம் எப்படித் தெரியும்? பேசிய விலையைத் திரும்பப் பெற முடியாது. மேனேஜர் தன் மேல் தப்பு என்று சொன்னார். என் மேல்தான் தப்பு என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

மெட்டாபேஸில் யார் எந்தப் பட்டையைத் தொட்டாலும், பக்கத்தின் தலையில் 'ஊர்: பச்சமலை' என்று எழுத்தில் நிற்கும். அதோடு அந்தத் தேர்வு முகவரிப் பட்டையில் உள்ள இணைப்பிலும் சேர்ந்துவிடும். ஆகவே பச்சமலை முள்ளுவாடியைத் தேர்ந்தெடுத்து, இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உள்ளே நுழைய அனுமதி உள்ள இன்னொருவருக்கு அதே காட்சி திறக்கும். "அண்ணா, இதைப் பாருங்க" என்று ஒரு வரி போதும். எங்கள் ஆலையில் பாதிப் பேச்சு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது.

மற்ற கருவிகளிலும் இதைக் கையால் செய்துகொள்ளலாம், செய்தே ஆக வேண்டும். பவர் பிஐ-யில் இப்போது எந்த ஊர் தேர்வாகியிருக்கிறது என்பதை எழுத்தாகக் காட்டும் ஒரு மெஷர், அதாவது சூத்திரம், எழுதி, அதையே தலைப்பாக வைக்கலாம். ஒன்றும் தேர்வாகாதபோது 'எல்லா ஊரும்' என்று வரும். லுக்கர் ஸ்டூடியோவில் ஊர்ப் பெயர் மட்டும் உள்ள ஒரு சின்ன அட்டவணையைப் பெரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வடிகட்டினால் அதில் ஒரே பெயர்தான் நிற்கும். எந்தக் கருவியானாலும் சராசரி பாயிண்டுக்குப் பக்கத்தில் லோடு எண்ணிக்கையையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஒரு நாளில் முப்பது லோடு இறங்குகிற ஆலையில் மூன்று என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

ஏற்காட்டில் பதில் வேறு

இதே வேலையை ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கும் செய்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கேள்வியே வேறாக இருந்தது. அங்கே வரி என்பது ஒரு நாளில் ஒரு பிளாக்கில் பறித்த பழத்தின் எடை. முதலில் பழுத்ததை மட்டும் பறிக்கிற ஃப்ளை பிக்கிங்கா, மெயின் பிக்கிங்கா, கடைசியில் மிச்சத்தை எல்லாம் பறிக்கிற ஸ்ட்ரிப்பிங்கா என்று ஒரு கட்டம். எத்தனை பேர் பறித்தார்கள் என்று இன்னொன்று. பார்க்கிறவர் ஒருவர்தான், எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்கிறவர். பறிப்பு நடக்கிற இடத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் போனில் சிக்னல் வரும், போகும்.

அவருக்கு எக்செல்தான் சரி. நெட் இல்லாமல் லேப்டாப்பில் ஓடும், கணக்கு எழுதுகிற இடமும் பார்க்கிற இடமும் ஒன்று. பிளாக்குக்கு ஒரு ஸ்லைசர், பறிப்பு வகைக்கு ஒரு ஸ்லைசர், தேதிக்கு 2013-ல் வந்த டைம்லைன் ஒன்று, அவ்வளவுதான். பட்டையைத் தொட முடியாதது அங்கே குறையாகவே தெரியவில்லை. எட்டு பிளாக், மூன்று பறிப்பு வகை, எல்லாம் பொத்தானாகக் கண்முன் நிற்கின்றன. எது அமுங்கியிருக்கிறது என்பதும் பளிச்சென்று தெரிகிறது. ஆலையில் அறுபதுக்கும் மேல் ஊர்ப் பெயர் இருந்ததால் பொத்தான் வரிசை உருட்டி உருட்டித் தேடுகிற பட்டியலாகிவிட்டது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஸ்லைசர், பெருகினால் பட்டையே பொத்தானாக வேண்டும்.

சொந்தமாகப் புரோகிராம் எழுதிச் செய்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். பைத்தானில் டேஷ், ஸ்ட்ரீம்லிட் இரண்டிலும் எந்தப் பட்டை தொடப்பட்டது என்பதைப் பிடித்து மற்ற படங்களை மாற்றலாம். 2012-ல் ஸ்கொயர் நிறுவனத்தில் இருந்து வந்த கிராஸ்ஃபில்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பத்து லட்சம் வரிகளைக்கூட பிரவுசருக்குள்ளேயே நொடியின் சிறு பகுதியில் வடிகட்டும். செய்யும்போது மிகவும் மகிழ்ச்சியான வேலை. ஆனால் எழுதியவர் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் அடுத்த சீசனில் ஆலை யாரைக் கேட்கும்? அதற்குப் பதில் இருக்கிற இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

ஆலையில் மெட்டாபேஸ் வைத்தோம். எடை மேடை மென்பொருள் ஏற்கெனவே மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில்தான் எழுதிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன் சம்பளத்தில் இருக்கிறான், டி.வி.யிலும் போனிலும் ஃபில்டரின் பெயர் எழுத்தில் தெரிகிறது. இந்த மூன்றில் எது இல்லாமல் போயிருந்தாலும் வேறு முடிவு எடுத்திருப்பேன். டேட்டாபேஸே கிடையாது, கூகுள் ஷீட்டில் ஒரே ஒரு கணக்கு என்றால் லுக்கர் ஸ்டூடியோவில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம், வேகம் குறைகிற அன்றைக்கு மாறிக்கொள்ளலாம். கொள்முதல், உற்பத்தி, சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் டெண்டரில் போன விலை, வங்கிக் கடன் என்று நாலைந்து கணக்கைக் கோர்த்துப் பார்க்க வேண்டும், ஆடிட்டர் அலுவலகமும் மைக்ரோசாஃப்டில்தான் இருக்கிறது என்றால் பவர் பிஐ-க்குக் காசு கொடுக்கலாம். அங்கே அது வீண் செலவு ஆகாது.

எதை எடுத்தாலும் வாங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு ஒரு அட்டவணை வரையுங்கள். இடது பக்கம் தொடப்போகிற படங்கள், மேலே மாறப்போகிற படங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் 'சுருங்கணும்', 'வெளிச்சம்', 'அசையக் கூடாது' என்று எழுதுங்கள். ஆலைக்குள் நடந்து பார்த்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். எங்களுடைய காகிதத்தில் உற்பத்திப் பத்தியில் 'அசையக் கூடாது' என்று எழுதியது நான் இல்லை, தொட்டியில் நிற்கிற மேஸ்திரி. ஊர் வாரியாக ஜவ்வரிசி என்று நான் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டியதும், "தொட்டியில எப்படிங்க ஊர் பிரியும்?" என்று அவர்தான் கேட்டார்.

இந்த சீசனில் மூன்றாவது கேள்வி வந்துவிட்டது. கெங்கவல்லியைத் தொட்டு, குங்குமரோஸ் ரகத்தைத் தொட்டு, முதலாளி தானாகவே கேட்டார்: "பிடுங்கின மறுநாள் வந்த லோடு மட்டும் பார்க்க முடியுமா?" எட்டாவது கட்டத்தில் தேதி இருந்தது, அதற்குக் கிளிக் இன்னும் வைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே வைத்தேன்.